நூற்றுப் பதினேழும் கச்சேரி ரோடும்

மயிலாப்பூர்க் கச்சேரி ரோட்டில் வாசம் செய்யும் என் மாமா, சர்க்கார் கணக்குத் தணிக்கை உத்தியோகத்திலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவராதலால், எந்த விஷயத்திலும் வரவு எது, கையாடல் எது என்று நிர்ணயித்த பிறகே ரசிக்கத் தொடங்குகிற சுபாவம் உடையவர். அப்பேர்ப்பட்டவருக்கு, 1964-இல் ஆந்த்ரே யூனெபெல் என்ற பிரெஞ்சு டைரக்டர் எடுத்த, ஓ.எஸ்.எஸ். 117 என்னும் உளவாளி பாங்காக்கில் புரியும் பராக்கிரமங்களைக் கூறும் படத்தைப் போட்டுக் காட்டினேன்.

கொள்ளை நோயைப் பரப்பி ஜனங்களை நிர்மூலமாக்க டாக்டர் ஸின் செய்யும் சதி அம்பலமாகும் வரையில் மௌனமாயிருந்த மாமா, சட்டென்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏண்டா, இது நம்ம 'வல்லவன் ஒருவன்' ஆச்சே! அப்படியே காப்பி அடிச்சிருக்கானே!"

ஜெய்சங்கரும் எல். விஜயலட்சுமியும் நடிக்க, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் ஆர். சுந்தரத்தின் டைரக்‌ஷனில் எடுத்த அப்படம் 1966-இல்தான் வந்தது என்றும், தழுவியவர்கள் நம்மவர்களே என்றும் நான் எவ்வளவோ எடுத்துரைத்தும் பயனில்லை. எல்.ஆர். ஈஸ்வரியின் பளிங்கு மாளிகைப் பாட்டு இல்லாத படம் எப்படி மூலமாக இருக்க முடியும், காப்பி அடிக்கிறவன்தானே அவசரத்தில் பாட்டுகளை விட்டுவிடுவான் என்பது அவருடைய சித்தாந்தம். அப்பாட்டுகளுக்கு இசையமைத்த வேதாவின் மெட்டுகளில் பலவற்றுக்கு ஹிந்தியில் ஒரு பூர்வாசிரமம் உண்டு என்பதை அச்சமயத்தில் பிரஸ்தாபிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அது போகட்டும், இதிலே பிரெஞ்சுக்காரன் எங்கேடா?" என்றார் அடுத்தபடி. நியாயமான தணிக்கைக் கேள்விதான். கதைப்படி உளவாளி அமெரிக்கன். வேஷம் கட்டிய கெர்வின் மாத்யூஸும் அமெரிக்கர். சம்பவங்கள் நடப்பதோ தாய்லாந்தில். பேச்சு மட்டும் பிரெஞ்சு. நம் 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' ஜெய்சங்கர் பேரிலும் பேச்சிலும் தமிழராகவே இருந்து துப்பறிந்ததை எண்ணிப் பார்க்கையில், என் பக்ஷத்து வாதம் எனக்கே சற்று இளைத்துப்போயிற்று.

விட்டுக்கொடுக்க மனமின்றி, ழான் புரூஸ் இந்த 117-ஐக் கதையில் சிருஷ்டித்தது 1949-இல், இயான் ஃபிளெமிங்கின் 007 பிறந்தது 1953-இல்தான் என்ற சரித்திரத்தையும் அவர் முன் வைத்தேன். மாமா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"117-லே 110-ஐத் தள்ளுபடி பண்ணி 7-ன்னு எழுதிண்டவனை ஒருத்தரும் கேக்கலை, சேலத்துக்காரன் மேலே மட்டும் ஆட்சேபணை எழுதறியே!"