சப்ஸ்டிடியூஷன் சீட்டு: தோற்றமும் வளர்ச்சியும்

1. ஆய்வு நோக்கம்

வராத ஆசிரியரின் வகுப்புக்கு வந்துவிட்ட ஆசிரியரை அனுப்பும் பொருட்டு, காலையில் வழங்கப்படும் உள்ளங்கை அகலத் தாள் சப்ஸ்டிடியூஷன் சீட்டு எனப்படும். இதைப் பற்றி இதுவரை முழுமையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை என்று எழுதுவது ஆய்வாளர் மரபு. தேடிப் பார்க்காமலே எழுதுவதும் மரபு. இரண்டையும் காத்தோம்.

2. ஆய்வு எல்லை

ஐக்கிய அரபு அமீரகத்தில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடக்கும் இந்தியப் பள்ளிகள் மட்டும். ஓமனும் கத்தாரும் விரிவஞ்சி விடப்பட்டன. அதாவது, அங்கே எமக்குத் தெரிந்தவர் எவருமில்லை.

3. இலக்கியச் சான்று

தொல்காப்பியத்தில் தொடங்காத ஆய்வேடு வாய்மொழித் தேர்வில் தேறாது. எனவே தொடங்குகிறோம். ஓதுவதற்காகப் பிரிதல் உண்டு என்கிறார் தொல்காப்பியர். ஓதுவிப்பதற்காகப் பிரிதல் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அதைப் பொருள்வயிற் பிரிவில் அடக்கலாம் என்பாரும் உளர். வீட்டு வாடகை, பிள்ளையின் பஸ் கட்டணம், ஊருக்கு அனுப்பியது ஆகியவற்றைக் கழித்தபின் பொருள் எஞ்சுவதில்லை ஆதலின் அது பொருந்தாது என்க (காண்க: ஸ்டாஃப் ரூம் சுவடி, தேநீர்க் கறை படிந்த ஏடு).

பெண்களோடு கடல் கடத்தல் இல்லை என்ற விதியையும் சிலர் தடையாகக் காட்டுவர். அமீரக ஸ்டாஃப் ரூமில் பெரும்பாலும் ஆசிரியைகளே இருப்பதால் இத்தடையை விளக்கியாக வேண்டும். விமானம் கடல்மேல் போகிறதே ஒழியக் கடலில் போவதில்லை. தடை நீங்கிற்று. இதைவிடத் தளர்ந்த வாதங்களுக்கு முனைவர் பட்டம் வழங்கப்பட்டுள்ளது.

நன்னூல் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கு உவமை சொல்லும். ஆகாத ஆசிரியர் பட்டியலில் முடத்தெங்கு வரும்: வேலிக்குள் நின்று, வளைந்து, அடுத்தவன் முற்றத்தில் காய் போடும் தென்னை. பவணந்தியார் இதைக் குறையாகச் சொன்னார். அமீரகத்தில் அதுவே பணி ஒப்பந்தம்.

4. வகைப்பாடு

அ) காய்ச்சல் சீட்டு: ஒரு நாள், மன்னிக்கத்தக்கது.

ஆ) ஆண்டுவிழாச் சீட்டு: நடன ஒத்திகைக்குப் போன ஆசிரியைக்குப் பதில், நடனம் தெரியாத காரணத்தால் தண்டிக்கப்பட்டவருக்கு வழங்கப்படுவது.

இ) வெள்ளிக்கிழமைச் சீட்டு: வியாழனும் வெள்ளியுமாக இருந்த வார விடுமுறையை அமீரக அரசு 2006இல் வெள்ளி, சனிக்கு மாற்றியது, 2022 ஜனவரியில் சனி, ஞாயிறு என்றாக்கி வெள்ளியை அரைநாள் ஆக்கியது. ஷார்ஜா மட்டும் வெள்ளியையும் சேர்த்து மூன்று நாள் எடுத்துக்கொண்டது. ஆகவே ஷார்ஜாவில் குடியிருந்து துபாயில் பணியாற்றும் ஆசிரியை, தன் பிள்ளை வீட்டில் தூங்கும் வெள்ளியன்று அடுத்தவர் பிள்ளைகளை அடக்கப் புறப்படுகிறார். அரைநாளில் பீரியட்டின் நீளம் குறையும்; சீட்டின் நீளம் குறையாது (அல் இத்திஹாத் சாலைப் பேருரைகள், நெரிசற் காண்டம்; வண்டி நகரத் தொடங்கியதால் உரை பாதியில் நின்றது).

ஈ) நெடுஞ்சீட்டு: இது ஆறாம் பகுதியில்.

5. கையொப்பச் சிக்கல்

சீட்டில் நான்கு கட்டங்கள்: வராதவர் பெயர், வகுப்பு, பீரியட், கையொப்பம். நாலாவதில்தான் அறிஞர் உலகம் பிளவுபட்டுக் கிடக்கிறது.

கையொப்பம் இசைவைக் குறிக்கும் என்பர் கோஆர்டினேட்டர் வழியினர். “ஒரே ஒரு பீரியட்தான் மேம்” என்பது அவர்களின் மூல வாக்கியம். கையொப்பம் ‘கண்டேன்’ என்பதை மட்டுமே குறிக்கும் என்பர் ஸ்டாஃப் ரூம் வழியினர். கண்டதற்கும் இசைந்ததற்கும் இடைப்பட்ட தூரம், தரைத்தளத்துக்கும் மூன்றாம் மாடி ஏழு-எஃப் வகுப்புக்கும் இடைப்பட்ட தூரமே என்பது நடுநிலையாளர் முடிபு (படிக்கட்டு மாமறை, இரண்டாம் திருப்பம், மூச்சு வாங்கிய இடம்).

காணாதவரை எதுவும் நிகழவில்லை என்னும் மூன்றாம் கொள்கையினர், ஆஃபீஸ் பாய் வரும் காலடி கேட்டதும் வேதியியல் ஆய்வகத்தில் மறைவர். இவர்களை ஒழிக்கவே சீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடும் முறை தோன்றியது. உடனே புதுச் சிக்கல்: இரண்டு நீலக் குறிகள் கையொப்பமாகுமா? படித்ததைக் காட்டும் வசதியை அடைத்துவைத்துவிட்டுப் பலர் நிம்மதியாக இருந்தனர். அந்த அடைப்பு தனி உரையாடலுக்கே செல்லும், குழுவுக்குச் செல்லாது என்பது பிற்பாடு தெரிந்தது. அன்று ஸ்டாஃப் ரூமில் விழுந்த மௌனத்தைப் பாடபேதமின்றி அனைவரும் பதிவு செய்துள்ளனர் (மேற்படி குழு, நீக்கப்பட்ட செய்தி, நீக்குமுன் படித்தவர் சொல்லக் கேட்டவர் எழுதிய குறிப்பு, அவரும் இப்போது கனடாவில்).

நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொன்னவர். டைம்டேபிள் போடுபவரும் அவர் பரம்பரையே. இரண்டாம் பீரியட்டில் இருந்த ஓய்வை ஏழாம் பீரியட்டோடு கூட்டி, ‘இரண்டு ஃப்ரீ இருந்ததே’ என்று உரை சொல்வார்.

6. நெடுஞ்சீட்டு

ஒரு நாளுக்கென்று வந்து வாரமாகிப் பருவமாவது. காரணம் எளிது. ஒருவர் விலகினால் ஊரிலிருந்து ஆள் வரவேண்டும். வருபவரின் பட்டச் சான்றிதழ் மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், பிறகு அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று முத்திரை முத்திரையாகத் தேற வேண்டும். மேலே விசா, மருத்துவப் பரிசோதனை, துபாய் என்றால் கல்வி ஆணையத்தின் ஒப்புதல். மகப்பேறு விடுப்பு சட்டப்படி 60 நாள்: 45 முழுச் சம்பளத்தோடு, 15 அரைச் சம்பளத்தோடு. அறுபது நாளுக்காக எவரும் விமானம் ஏறி வரமாட்டார். உள்ளூரில் ஆள் பிடித்தால் சம்பளம் கொடுக்கவேண்டும். சீட்டுக்குத் தாள் செலவு மட்டுமே.

செலவு அவ்வளவில் முடியவில்லை. திருத்தாத நோட்டுக் கட்டு வீட்டுக்குப் போகிறது. இரவு பத்து மணிக்குச் சமையல் மேடையில் சிவப்பு மை ஓடுகிறது. கோபமோ பிரசவமான ஆசிரியைமேல் போகிறது, ஏனெனில் தாளில் இருப்பது அவர் பெயர்.

7. முடிவுரை

சீட்டின் முதல் கட்டத்தில் பாடம் பிழைபட்டிருக்கிறது என்பதே எமது கண்டுபிடிப்பு. நெடுஞ்சீட்டில் வராதவர், விலகிப்போனவரும் அல்லர், விடுப்பில் இருப்பவரும் அல்லர்; நிர்வாகம் இன்னும் நியமிக்காத அடுத்தவர். அக்கட்டத்தில் ‘ஆள் போடவில்லை’ என்று திருத்தி எழுதினால் ஸ்டாஃப் ரூமின் பாதிக் கோபம் மாடியேறிச் சரியான அறைக்குப் போகும். ஆகவே திருத்தமாட்டார்கள் என்பது எமது துணிபு.