அடி தெளிவாக விழவில்லை

மாட்சிமை தங்கிய இலாகாவின் நியமனப் பிரிவுப் பெரியோர்களுக்கு,

அடியேன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து எழுதுகிறேன். கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் கேஸ்களை மறுபடி எடுத்து ஆராயும் குழுவுக்கு மனநல நிபுணர் ஒருவர் வேண்டும் என்று தாங்கள் அழைத்ததும், சென்ற வாரம் நேர்முகத் தேர்வுக்கு நான் வந்ததும், ஏழாம் மாடியில் நாலு மணி நேரம் காத்துக் கிடந்ததும், ஏழே நிமிடத்தில் வெளியே வந்ததும் தாங்கள் அறிந்ததே. மறந்திருந்தாலும் குற்றமில்லை. என் நம்பர் 1043.

அந்த ஏழு நிமிடத்தில் மூன்று பேர் என் சான்றிதழ் நகலை மாறி மாறி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர்கள். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை பார்த்தார். பிறகு சொன்னார்: "புவான், சாப்பு தெளிவா விழலை."

உண்மைதான். கிள்ளானில் எனக்குத் தெரிந்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அடித்துக் கொடுத்தது. பள்ளி விடுமுறை, மைப்பெட்டி காய்ந்து கிடந்தது. பாவம், சாப்பை வாயால் ஊதி ஊதி அடித்தார். 'உண்மை நகல்' என்று உறுதி சொல்லும் முத்திரையில் நகல் நன்றாக விழுந்திருந்தது. உண்மைதான் விழவில்லை.

ஆனாலும் பெரியோர்களே, மெய்சிலிர்த்துப் போனேன். 22 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு அடியை இத்தனை நுணுக்கமாக ஆராயும் கண்களைக் கண்டதே இல்லை. எங்கே அடித்தது, யார் அடித்தது, என்றைக்கு அடித்தது, ஒரே அடியா இரண்டா, அடித்தவருக்கு அடிக்கும் அதிகாரம் உண்டா என்று ஒன்றுவிடாமல் கேட்டீர்கள். இதே கேள்விகளை ஒரு குழந்தையின் முதுகைப் பார்த்துக் கேட்க ஆள் வேண்டும் என்றுதானே எங்களை வரச் சொன்னீர்கள்?

நம் வீட்டுப் பெரியவர்கள் "அடியாத மாடு படியாது" என்பார்கள். சாப்பு அடியாத தாளும் படியாது என்பதைத் தங்களிடம்தான் கற்றேன்.

சட்டம் பற்றித் தங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. இருந்தாலும் விற்கிறேன். அடிபட்ட குழந்தைகளைக் கவனிக்கக் கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில் தனிக் குழு 1985-லேயே வந்துவிட்டது. 1990-இல் நடை பழகும் வயதில் ஒரு பிள்ளை அடிபட்டுச் செத்தது, நாடே அழுதது, மறு வருடம் சிறுவர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2001-இல் சிறுவர் சட்டம். அதன் 17-ஆவது பிரிவை எழுதியவருக்கு எங்கே இருந்தாலும் என் கும்பிடு. பதற்றம், மனச்சோர்வு, ஒதுங்கிப்போதல், முரட்டுத்தனம், வளர்ச்சியில் தாமதம் என்று வரிசையாகச் சொல்லி, இவையெல்லாம் மனதில் பட்ட காயத்துக்கு அடையாளம் என்று எழுதிவைத்தார். பாதிப்பு கண்ணால் காணத்தக்கதாக இருக்க வேண்டும் என்றும் எழுதினார். யார் கண்ணால் என்று எழுதாமல் விட்டுவிட்டார். அந்தக் கண்ணைத்தான் தாங்கள் இப்போது தேடுகிறீர்கள். அதுவும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல அனுமதி வேண்டும். ஊர், வருடம், பெயர் எதையும் சொல்ல மாட்டேன். ஐந்து வயது. என்னிடம் வருவதற்குள் அவன் மூன்று இடங்களுக்குப் போய் வந்திருந்தான். மூன்று இடத்திலும் எழுதியிருந்தார்கள். ஒன்றில் "படியில் விழுந்தான்." இன்னொன்றில் "அமைதியான பிள்ளை." மூன்றாவதில் "பிடிவாதம் இல்லை, சொன்னபடி கேட்கிறான், மேல்நடவடிக்கை தேவையில்லை." என் அறைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி, சுவரோரம் ஜோடி சேர்த்து வைத்தான். பிறகு தள்ளிக் கிடந்த என் செருப்பையும் எடுத்து நேராக வைத்தான். நான் பேசும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மேசையிலிருந்த பேனாவை எடுக்கக் கை நீட்டினேன். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். சத்தமே இல்லை. அழவும் இல்லை.

ஐந்து வயதுப் பிள்ளை இத்தனை நல்ல பிள்ளையாக இருக்கக் கூடாது. "அமைதியான பிள்ளை" என்ற வரி பாராட்டு இல்லை, அபாய மணி என்று படிக்கத் தெரிந்தவர் வேண்டும். ஆஸ்பத்திரித் தாளையும் போலீஸ் தாளையும் வெல்ஃபேர் தாளையும் பாலர்பள்ளி வருகைப் பதிவையும் ஒரே மேசையில் பரப்பி, தேதி வாரியாக அடுக்கி, எந்த நாளில் யார் எதைக் கண்டும் காணாமல் போனார்கள் என்று சொல்ல ஆள் வேண்டும். அடித்தவருக்குத் தூக்கம் எப்போது கெட்டது, குடி எப்போது கூடியது, பிரசவத்துக்குப் பிறகு அந்தத் தாய் எத்தனை மாதம் யாரிடமும் பேசாமல் இருந்தாள் என்று கேட்கவும் ஆள் வேண்டும். தண்டனை கொடுக்க இல்லை, அதற்குக் கோர்ட் இருக்கிறது. அடுத்த பிள்ளைக்காக.

லண்டனில் 2000-ஆம் ஆண்டு விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி சொந்தப் பாட்டி முறையானவளிடம் சித்திரவதைப்பட்டுச் செத்தாள். விசாரித்த லார்ட் லேமிங், அவளைக் காப்பாற்ற 12 வாய்ப்புகள் கிடைத்தும் தவறவிட்டார்கள் என்று எழுதினார். இப்படிப்பட்ட கேஸ்களைப் படிப்பதற்கென்றே இங்கிலாந்தில் 2018 முதல் தேசியக் குழு ஒன்று இருக்கிறது. அங்கே சாப்பு எப்படி அடிக்கிறார்கள் என்ற விவரம் அடியேனுக்குக் கிட்டவில்லை.

நம் ஊர்க் கணக்கையும் பாருங்கள். 2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 சிறுவர் காப்பகங்களில் போலீஸ் நுழைந்து 402 பிள்ளைகளை மீட்டது. 2018-இல் எண்ணிப் பார்த்தபோது நாடு முழுக்க இருந்த மனநல டாக்டர்கள் 410 பேர். அந்தக் கணக்குப்படி ஆளுக்கொரு பிள்ளையைக் கையில் கொடுத்திருந்தால், மிச்சம் எட்டு டாக்டர்கள் மொத்த மலேசியாவுக்கும் இருந்திருப்பார்கள்.

இந்த நிலைமையில் வலிய வந்து நின்றவளிடம் சாப்பை விட்டால் தாங்கள் கேட்ட ஒரே கேள்வி என்ன தெரியுமா? "குடும்ப தினத்துல பிள்ளைங்களுக்குக் கலர் அடிக்கிற போட்டி நடத்துவீங்களா?" அதற்கு மேல் கேள்வி இல்லை. செத்துப்போன குழந்தையின் கோப்பை எப்படிப் படிப்பேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வெட்கமாக இல்லையா உங்களுக்கு? பிள்ளை உடம்பில் விழுந்த அடி எல்லாம் தெளிவாகத்தான் விழுந்தது. மங்கலாக விழுந்தது என் காகிதத்தில் மட்டும்தான்.

மன்னிக்கவும். அடியேன் நிலை மறந்தேன். நாலு மணி நேரம் ஏர்கோனில் உட்கார்ந்ததில் தலைக்கு ஏறிவிட்டது. தங்கள் ஏர்கோன் மிக நேர்த்தியானது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

தங்கள் சிரமத்தைக் குறைக்க ஒரு யோசனை. அந்த நிபுணர் நாற்காலியில் பேசாமல் சாப்பையே உட்கார வைத்துவிடலாம். விடுப்பு கேட்காது, அல்லவன்ஸ் கேட்காது, கூட்டத்தில் எதிர்த்துப் பேசாது. முக்கியமாக, எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் ஒரே அடியில் முடித்துக் கொடுக்கும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்கிறார்கள். கோப்பு நகருமா என்று பார்த்துவிடலாமே.

அது முடியாது என்றால், வேறு யாரையாவது உட்கார வையுங்கள். நான்தான் வேண்டும் என்று இல்லை. என்னைவிடப் படித்தவர்கள் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். எங்களைப் போன்றோரைப் பதிவு செய்யும் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையாகப் பதிந்துகொண்டு வேலை செய்கிறார்கள். அவர்களையாவது ஏழு நிமிடத்துக்கு மேல் பேச விடுங்கள். உள்ளே வந்தவுடன் சான்றிதழைக் கேட்காதீர்கள். பழைய கோப்பு ஒன்றைக் கையில் கொடுத்து, "இதில் எந்த வரி உங்களை உறுத்துகிறது?" என்று கேளுங்கள். "அமைதியான பிள்ளை" என்ற வரியில் விரல் வைப்பவரை அன்றைக்கே வேலைக்கு எடுங்கள்.

இத்துடன் என் சான்றிதழின் நகல்கள் மூன்றை மறுபடியும் இணைத்திருக்கிறேன். தலைமையாசிரியருக்குப் புது மைப்பெட்டி வாங்கிக் கொடுத்தேன். ஆறு ரிங்கிட் ஐம்பது காசு, என் செலவு. மேசை அதிர அடித்தார். மூன்றிலும் அடி தெளிவாக விழுந்திருக்கிறது.

இப்படிக்கு,
அடியேன்,
நம்பர் 1043