கொத்துச்சாவி அண்ணன்

ஓ.எம்.ஆர். பக்கம் எந்த மென்பொருள் அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். அடையாள அட்டையில் சீனியர் டெவலப்பர் என்றிருக்கும். நிஜப் பதவி வேறு. அந்த டீமிலேயே ஒழுங்காக ஓடுகிற டாட் என்வி ஃபைல் இவர் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கும். அந்தக் காலத்து மாமியார் இடுப்பில் செருகியிருந்த கொத்துச்சாவிதான் அது.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, பேமென்ட் கேட்வே சாவி போன்ற ரகசியங்களை நிரலுக்குள் எழுதக் கூடாது. இன்றைக்கே நிரலை ஊருக்குத் திறந்து காட்டினாலும் ஒரு ரகசியமும் வெளியே போகாது என்றால்தான் தேறினீர்கள் என்று, 2011-இல் ஹெரோக்கு கம்பெனி ஆட்கள் ‘பன்னிரண்டு காரணி ஆப்’ என்று எழுதிவைத்த விதிகளே சொல்கின்றன. அதனால் அவற்றை டாட் என்வி என்கிற தனி ஃபைலில் போட்டு, டீம் முழுக்க நிரலைப் பகிர்ந்துகொள்ளும் கிட்டில் ஏறாதபடி கிட்-இக்னோரில் தடை எழுதிவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிட்டில் ஏறாததை ஒருவர் மாற்றினால் அடுத்தவருக்கு எப்படித் தெரியும்? அண்ணனின் செல்வாக்கு இந்தச் சந்தில்தான் வளர்கிறது.

காலையில் எல்லோரும் புது நிரலை இறக்குவார்கள். எல்லோருக்கும் ஆப் படுத்துவிடும். திரை முழுக்க ‘அன்டிஃபைன்டு’. அண்ணன் காபியோடு வந்து எட்டிப் பார்த்து, “எனக்கு ஓடுதே” என்பார். அதில் வியப்பு முக்கால் பங்கு, பெருமை கால் பங்கு. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, “ஓ, அதுவா! போன வாரம் ஒரு வேரியபிள் சேர்த்தேனே, சொல்லலையா?”

சொல்லவில்லை.

மாதிரிக்கென்று டாட் என்வி டாட் எக்ஸாம்பிள் ஒன்று கிட்டில் இருக்கத்தான் செய்கிறது. நாய் செத்து நாலு வருஷமான வீட்டில் ‘நாய் ஜாக்கிரதை’ பலகை தொங்குமே, அப்படி. எப்போதோ கைவிட்ட எஸ்.எம்.எஸ். கம்பெனியின் சாவிக்கு அதில் இன்னும் இடம் ஒதுக்கியிருக்கிறது.

அண்ணன் கஞ்சன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கேட்டால் கொடுப்பார். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்கிற கம்பவுண்டர் தோரணையில், “லோக்கலா, ஸ்டேஜிங்கா?” என்று கேட்டுவிட்டுத்தான். அவர் ஃபோல்டரில் ஓல்ட், ஃபைனல், ஃபைனல்-2, ‘தொடாதே’ என்று ஒரு வம்சமே குடியிருக்கிறது. எது உயிரோடு இருப்பது என்பது அவருக்கு மட்டும் தெரியும். சில நாள் அவருக்கும் தெரியாது.

வாங்கிய பிறகாவது நிம்மதி உண்டா? பாஸ்வேர்டில் ஹேஷ் குறி இருந்து மேற்கோள் போடாமல் விட்டால், பல லைப்ரரிகள் அதற்குப் பிறகு வருவதையெல்லாம் வெறும் குறிப்பு என்று உதறிவிடும். பாதி பாஸ்வேர்டோடு வாசலில் நிற்க வேண்டியதுதான். நோட் ஜே.எஸ்.ஸில் இன்னும் வேடிக்கை. டீபக் வேண்டாம் என்று ‘ஃபால்ஸ்’ போட்டாலும் அது வெறும் எழுத்தாகத்தான் வந்து சேரும். காலியில்லாத எழுத்தெல்லாம் ஜாவாஸ்கிரிப்டுக்கு மெய். பொய் என்று எழுதிக்கொடுத்தாலும் மெய் என்று எடுத்துக்கொள்ளும் வெள்ளந்தி மொழி அது.

எல்லாச் சாவியையும் பொதுப் பெட்டகத்தில் வைக்கலாமே என்று யாராவது கேட்டால், “சூப்பர் ஐடியா, அடுத்த ஸ்பிரின்ட்ல பண்ணிடலாம்” என்பார். அந்த டிக்கெட்டுக்கு இப்போது மூத்த குடிமகன் வயது.

போன மாதம் அண்ணனின் காபி, கீபோர்டில் கவிழ்ந்தது. புது லேப்டாப் வந்தது. நிரல் முழுக்க கிட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் இறங்கிவிட்டது, அந்த ஒரு ஃபைலைத் தவிர. சேர்ந்து மூன்றே மாதமான பெண்ணின் மேசைக்கு வந்து, தொண்டையைச் செருமினார். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

“லோக்கலா அண்ணா, ஸ்டேஜிங்கா?”

அனுப்பினாள். ஓடவில்லை. மறுபடி கூப்பிட்டார். அவள் காபியை எடுத்துக்கொண்டு நிதானமாக வந்து, திரையை எட்டிப் பார்த்தாள்.

“எனக்கு ஓடுதே அண்ணா.”