ஐந்து காப்பும் ஒரு தற்செயலும்

மேகக்கணிமையில் உறவுநிலைத் தரவுத்தளத்தை, அதாவது தகவல்களைத் தொடர்புடைய அட்டவணைகளாக வைக்கும் கிடங்கை, வாடகைக்கு எடுப்போர் மாதக் கட்டணத்தைப் பைசா விடாமல் ஒப்பிட்டுவிட்டு, தரவு மீட்பு 'உண்டு' என்ற ஒற்றைச் சொல்லைக் கண்டதும் நிறைவடைவது மரபு. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சேவையகத்தில் தரவுகளை அழித்தபோதுதான், அங்கிருந்த ஐந்து காப்பு ஏற்பாடுகளுள் எதையும் நம்ப இயலாது என்பதும், காப்புப்பிரதி எடுக்கும் நிரல் பதிப்பு முரண்பாட்டால் தோற்றுவந்ததைச் சொன்ன மின்னஞ்சல்கள் உரியவரைச் சேராமல் மறுக்கப்பட்டிருந்தன என்பதும் வெளிப்பட்டன. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு வேலைக்காக எடுக்கப்பட்டிருந்த நொடிப்படிமம், அதாவது வட்டின் அந்நேர நகல், நிறுவனத்தைக் காத்தது. அமேசானின் வாடகைத் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ் தன்னியக்கக் காப்புப்பிரதிகளை 35 நாள்வரை வைத்திருக்கும். அவற்றை ஒருமுறையேனும் மீட்டுப் பார்க்கும் பொறுப்பு வாடிக்கையாளருடையது. தற்செயலோ எவருடைய கட்டணப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.