மனசாட்சியின் விலை ஒரு லட்சம்

நம் நாட்டுச் செய்திச் சேனல் முதலாளிகளுக்கு வெளியார் தலையீடு என்றாலே ஆகாது. "எங்களை நாங்களே கட்டுப்படுத்திக்கொள்வோம்" என்பார்கள். சாவு வீட்டில்கூட மைக்கை நீட்டி "இப்போது எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு, தங்கள்மேல் மட்டும் இத்தனை நம்பிக்கை.

அந்த நம்பிக்கையின் பூர்வகதையைப் பார்ப்போம். 2007 ஆகஸ்டில் 'லைவ் இந்தியா' என்ற சேனல் ஒரு ரகசிய கேமராக் காட்சியை ஒளிபரப்பியது. டெல்லி அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவிகளை வைத்துப் பாலியல் தொழில் நடத்துகிறாராம். கூட்டம் பள்ளிக்கூடத்துக்கே திரண்டு வந்து அந்தப் பெண்ணை அடித்தது, உடையைக் கிழித்தது. வேலை போனது, கைதும் ஆனார். பிறகுதான் தெரிந்தது, காட்சியே ஜோடனை. மத்திய அரசு அந்தச் சேனலை ஒரு மாதம் மூடியது. ஒரே ஒரு மாதம். பள்ளிக்கூடத்துக் கோடை விடுமுறைகூட அதைவிட நீளம்.

அரசாங்கம் கை வைக்கும் என்று தெரிந்ததும் முதலாளிகள் சுறுசுறுப்பானார்கள். 2008 அக்டோபரில், ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் தங்களுக்கென்று ஓர் ஆணையம் அமைத்துக்கொண்டார்கள். உச்சபட்ச அபராதம் 1 லட்சம் ரூபாய். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மும்பைத் தாக்குதல். நரிமன் ஹவுஸ் மொட்டை மாடியில் ஹெலிகாப்டரிலிருந்து கமாண்டோக்கள் கயிற்றில் இறங்கியதை நேரலையில் காட்டினார்கள். நாடு பார்த்தது. பாகிஸ்தானில் உட்கார்ந்து கொலையாளிகளுக்கு ஃபோனில் வழிகாட்டிக்கொண்டிருந்தவர்களும் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊடகக் கட்டுப்பாடு உள்ளிருந்துதான் வர வேண்டும் என்ற வாதத்துக்கே இந்த ஒளிபரப்பு கேடு விளைவித்துவிட்டது என்று 2012-ல், தாக்குதல் நடத்தியவர்களில் ஒருவரான கசாபின் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கசாபுக்குத் தூக்கு உறுதியானது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. இது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

2009-ல் ஒரு பெண் ஆய்வாளரின் பேட்டியைத் திரித்துப் போட்டதற்காக இந்தியா டிவிக்கு ஆணையம் 1 லட்சம் அபராதம் விதித்தது. சேனல் என்ன செய்தது? ஆணையத்தை அமைத்த முதலாளிகள் சங்கத்தை விட்டே வெளிநடப்புச் செய்தது. பிறகு திரும்பி வந்தது. அதன் தலைவர் ரஜத் சர்மா பிற்பாடு அந்தச் சங்கத்துக்கே தலைவராகவும் ஆனார். இன்னும் சிலருக்குக் கோபித்துக்கொண்டு போகும் சிரமமும் வேண்டியிருக்கவில்லை. 2019-ல் தனிக் கூட்டமைப்பே தொடங்கினார்கள். அதற்குத் தலைவரானவர் அர்ணாப் கோஸ்வாமி. அம்பயர் அவுட் கொடுத்தால் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த மைதானத்துக்குப் போய்விடும் தெருக் கிரிக்கெட்டுக்குத்தான் இங்கே சுயகட்டுப்பாடு என்று பெயர்.

2020-ல் கொரோனா வந்தது. டெல்லி நிஜாமுதீனில் தப்லிக் ஜமாத் என்ற முஸ்லிம் அமைப்பு நடத்திய கூட்டத்தைச் சாக்காக வைத்து, நெறியாளர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இரவுக்கு இரவு ஒரு சமுதாயத்தையே கிருமியாக்கினார்கள். அதைப் பார்த்தவர்கள் தெருவில் காய்கறி வண்டி தள்ளியவரைப் பெயர் கேட்டு விரட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்கு வந்து வழக்கில் சிக்கிய வெளிநாட்டினரைப் பலிகடா ஆக்கியிருக்கிறார்கள் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அதே ஆண்டு ஆகஸ்டில் சொல்லிவிட்டது. ஆணையத்துக்கு வாய் திறக்க 2021 ஜூன் வரை ஆனது. இரண்டு கன்னடச் சேனல்களில் ஒன்றுக்கு 1 லட்சம், மற்றதற்கு 50,000 ரூபாய். வெறுப்பை விற்பதற்கு லைசென்ஸ் கட்டணம் என்று எடுத்துக்கொண்டால் மலிவுதான்.

மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஆணையம் போடும் உத்தரவுகளைப் படிக்க வேண்டும். முழுத்திரையில், ஓடாத எழுத்தில், பெரிய எழுத்தில், மெதுவான வேகத்தில், காதில் தெளிவாக விழும் குரலில் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இவ்வளவையும் பிட்டுப்பிட்டு வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பது ஆணையத்துக்கு நன்றாகத் தெரியும். சொந்தப் பிள்ளைகள் அல்லவா!

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கேட்டது: 1 லட்சம் அபராதத்துக்கு யார் பயப்படுவார்கள், நிகழ்ச்சியில் பார்த்த லாபத்துக்குத் தக்கபடி அபராதம் இருக்க வேண்டாமா? 15 ஆண்டுகளில் பால் விலை ஏறியது, பெட்ரோல் விலை ஏறியது. சேனல்களின் மனசாட்சி மட்டும் பழைய விலைக்கே கிடைத்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் அரசாங்கமே கட்டி மேய்க்கட்டும் என்கிறீர்களா? மேய்த்த லட்சணத்தையும் பார்த்தோம். மத்திய அரசின் 2021 கேபிள் டி.வி. விதிகளின்படி கட்டுப்பாடு மூன்று அடுக்கு. உச்சாணியில் உட்கார்ந்திருப்பது தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். 2022 ஜனவரியில் மலையாளச் சேனலான மீடியாஒன்னுக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தார்கள். காரணம் கேட்டால் தேசப் பாதுகாப்பு. ஆதாரம் கேட்டால் சீல் வைத்த உறை. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அரசை விமர்சிப்பதை அரசு எதிர்ப்பு என்று முத்திரை குத்த முடியாது என்றது. மதவெறியைக் கூவி விற்ற கடைக்கு 1 லட்சம் அபராதம். ஆட்சியைக் கேள்வி கேட்ட கடைக்குப் பூட்டு. பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்பது இதுதான். டெல்லிக் கூத்து என்று தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். ஆளுங்கட்சிக்குப் பிடிக்காத சேனல் அரசு கேபிளில் காணாமல் போகிறது என்ற புகார், எந்தக் கட்சி ஆண்டாலும் இங்கே எழத்தான் செய்கிறது.

முதலாளியும் வேண்டாம், மந்திரியும் வேண்டாம். இருவரும் கை வைக்க முடியாதபடி சட்டத்தால் அமைந்த ஓர் ஆணையம் வேண்டும். உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தப்பிக்க அதில் வழி இருக்கக் கூடாது. பிரிட்டனில் அப்படிச் சட்டத்தால் அமைந்த ஆஃப்காம் என்ற ஆணையம் நினைத்தால் ஒரு சேனலின் வருவாயில் 5 சதவீதம் வரை அபராதம் போடலாம். 2019-ல் ரஷ்யாவின் ஆர்டி சேனலுக்கு 2 லட்சம் பவுண்டு போட்டது. அங்கே பத்திரிகைச் சுதந்திரம் அதனால் செத்துவிடவில்லை. இங்கே "கருத்துச் சுதந்திரத்துக்கு ஆபத்து" என்று அலறப்போகிறவர்கள், அடுத்தவர் கருத்தை ஒரு வாக்கியம்கூட முடிக்கவிடாதவர்கள்.

கூடவே ஒரு சின்ன விதியும் சேர்க்கலாம். அவதூறு எந்த நேரத்தில், எத்தனை முறை, எவ்வளவு சத்தத்தில் ஓடியதோ, மன்னிப்பும் அதே நேரத்தில், அத்தனை முறை, அதே சத்தத்தில் ஓட வேண்டும். இடையில் தாராளமாக விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும். அந்த நிகழ்ச்சிக்கு எந்த சிமென்ட் கம்பெனி, எந்தப் பான் மசாலா ஸ்பான்சர் செய்கிறது என்று நாமும் பார்ப்போம்.