‘வாஹ்’ எனும் ஒலியின் மாத்திரைக் கணக்கு: திருப்பத்தூர் மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

குறுங்கவிதை வாசித்தவரிடம் படிமம் பற்றியும் ஓசை பற்றியும் கருத்துச் சொல்வது எப்படி என்று ஆராய, திருப்பத்தூரைவிடத் தோதான மாவட்டம் இல்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். மாவட்டம் பிறந்தது 2019இல். வாணியம்பாடி, ஆம்பூர் முஷாயிராக்களின் (உருதுக் கவியரங்குகளின்) காதுகளுக்கோ வயது அதிகம். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிக்கோ அப்துல் ரகுமான் கஜலைத் தமிழிலும் எழுதிப்போனதால், சோதனைக்கு இரண்டு அவைகள் கிடைக்கின்றன.

முஷாயிராவில் நல்ல அடி விழுந்தால் அவை ‘முகர்ரர்’ என்று கேட்கும். கவிஞர் திரும்பச் சொல்வார். தமிழ்க் கவியரங்கத்தில் யாரும் கேட்காமலே ஒவ்வோர் அடியும் இருமுறை வரும். ‘வாஹ்’ இரண்டரை மாத்திரையில் நின்றால் மரியாதை, அளபெடுத்தால்தான் ரசனை. அடுத்த இயைபுச் சொல்லைக் கவிஞருக்கு முன்பே அவை சொல்லிவிடுவதும் உண்டு. கஜலில் அது கொண்டாட்டம், புதுக்கவிதையில் தீர்ப்பு.

படிமத்துக்கு வருவோம். ஆய்வுக்கென நாமே கட்டிய அடி: ‘பாலாறு பொங்குது பார், பால்போல் நுரைத்து.’ ஓசையில் குறையில்லை. வருக்க மோனை என்று பெயரிட்டு முழு மதிப்பெண் தரலாம். உவமைக்குத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்கு தளம் காட்டுகிறார். பொங்குகிறது, ஆகவே வினை தேறியது. வெள்ளை, ஆகவே உருவும் தேறியது. மெய்யை விட்டுவிடுவோம், நுரைக்கு ஏது வடிவம்? பயனில்தான் சிக்கல். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே தீர்ப்பெழுதிவிட்டது.

இதைக் கவிஞரிடம் சொல்வது எப்படி? வில்லிபுத்தூரார் முறையில் காதை அறுக்கலாம் என்றால், பிறகு ஓசையை எதனால் கேட்பார்? நக்கீரர் முறையும் இங்கே செல்லாது. கூந்தல் மணத்தில் பிழை கண்டு வெந்தவருக்கு விழுந்து குளிரப் பொற்றாமரைக்குளம் இருந்தது. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி அந்த வசதி கிடையாது.

ஆம்பூர்ப் பெரியவர் முறையே மிஞ்சுகிறது: “தம்பி, சத்தம் ஜோரா இருக்கு. அந்தப் பாலை யாரு குடிக்கிறதுன்னு மட்டும் சொல்லிடுங்க.”

குற்றம் என்ற சொல்லே இதில் இல்லை என்பதைக் கவனிக்க. கேள்வியை வாங்கிக்கொண்டு திருத்திய பாடம் இது: ‘பாலாறு பொங்குது பார், பக்கத்தில் நின்ற பசு பார்க்காமல் போகுது.’

மோனை பிழைத்தது. வழுவிய பயனே கவிதையாயிற்று. இம்முறை ‘வாஹ்’ அளபெடுத்தது உறுதி. மாத்திரையை அளப்பதற்குள் பிரியாணி வந்துவிட்டதால் தரவு முழுமை பெறவில்லை.