கராஜ் சேலுக்கு அனுமதி தரும் மன்றங்களின் மேலான கவனத்துக்கு

பெறுநர்: கராஜ் சேலுக்கு அனுமதிச்சீட்டு வழங்கும் அமெரிக்க நகர மன்றங்கள்
பொருள்: பழைய குவளைகளைச் சட்டப்படி விற்றுத் தீர்ப்பது தொடர்பாக

கராஜ் சேல் என்பது, வீட்டில் வேண்டாதவற்றைக் கார் கொட்டகையிலும் வாசலிலும் பரப்பி, பெரும்பாலும் சனிக்கிழமை காலையில் விற்பது. மேசை, விலைச்சீட்டு, சில்லறை, பொறுமை இவை இருந்தால் போதும் என்று மக்கள் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். அந்தப் பட்டியலில் அனுமதிச்சீட்டு இல்லாத குறையை மன்றங்கள் தீர்த்துவைத்தன. டாலஸ் நகரில் அது கட்டாயம். ஆண்டுக்கு இரண்டு விற்பனைக்கு மேல் கிடையாது. மூன்றாவது முறையும் விற்க ஒரு வீட்டில் பழைய குவளை மிச்சமிருந்தால் நகரத்தின் வணிகமே ஆட்டம்கண்டுவிடும் என்ற முன்யோசனை பாராட்டுக்குரியது.

வாங்கிய விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை விலையாக வைப்பது நடைமுறை. விலையை ஒவ்வொரு பொருளிலும் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால், கேட்கக் கூச்சப்படுபவர் பேசாமல் நகர்ந்துவிடுவார். ஒரு டாலர் என்று எழுதியதை 50 சென்ட்டுக்குக் கேட்பார்கள். கொடுத்துவிடுவதே லாபம், சாயங்காலம் அதை மறுபடி பரணில் ஏற்ற வேண்டியதில்லை. முதல் ஆள் 25 சென்ட் கரண்டிக்கு 20 டாலர் நோட்டை நீட்டுவார் என்பதால், 25 சென்ட் காசுகளும் ஒரு டாலர் நோட்டுகளும் முந்தின நாளே கையிருப்பில் இருக்க வேண்டும். எட்டு மணி என்று அறிவித்தால் ஏழுக்கே வந்து கொட்டகைக்குள் எட்டிப்பார்க்கும் பழம்பொருள் வியாபாரிகளை எந்த மன்றத்தின் விதியும் இதுவரை தடுத்ததில்லை.

விற்பனையைத் தீர்மானிப்பது தெருமுனை அட்டைதான். தடித்த எழுத்தில் தேதி, முகவரி, ஓர் அம்புக்குறி. ஓடும் காரிலிருந்து படிக்க முடிய வேண்டும். பல ஊர்களில் மின்கம்பத்திலும் பொது இடத்திலும் அட்டை வைப்பது குற்றம். சொந்த வாசலில் வைக்கலாம். அங்கே அதைப் படிக்கக்கூடியவர், ஏற்கெனவே வழி கண்டுபிடித்து வந்து சேர்ந்தவர் மட்டுமே.

கேலிக்கு இடமில்லாத விதிகளும் உண்டு. பாதுகாப்புக் காரணத்துக்காகத் திரும்பப் பெறப்பட்ட பொருளை விற்கக் கூடாது என்ற 2008ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கராஜ் சேலுக்கும் பொருந்தும். பக்கத்தடுப்பு கீழிறங்கும் குழந்தைத் தொட்டில்களின் விற்பனை 2011 முதல் தடைசெய்யப்பட்டது. குழந்தைகள் உயிரிழந்த பிறகு வந்த தடை அது. அதைப் பகடி செய்ய ஒன்றுமில்லை.

வரியைப் பொறுத்தவரை, வாங்கிய விலைக்குக் குறைவாக விற்ற சொந்தப் பொருளுக்கு வருமான வரி இல்லை. நட்டத்தைக் கழிக்கவும் முடியாது.

127ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி 1987இல் தொடங்கிய இதே வியாபாரம், இப்போது மிச்சிகனிலிருந்து அலபாமா வரை, ஏறக்குறைய 690 மைல் நீளத்துக்கு, ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கிறது. ஒரு வீட்டு வாசலில் நடந்தால் இடையூறு. ஆறு மாநிலங்களில் நடந்தால் அதற்குச் சுற்றுலா என்று பெயர்.

எனவே, சனிக்கிழமை ஒரு பகல் மட்டும் தெருமுனையில் இரண்டு அட்டைகள் வைக்க அனுமதிக்குமாறும், மாலையில் அவற்றை அகற்றாதவருக்கு மட்டும் அபராதம் விதிக்குமாறும் மன்றங்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றன.